பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாடே விழித்திருக்குமா?

கேள்வி | சின்ச்சுவுக்குப் புதியவள்

தைவானுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் திங்கட்கிழமை விடிவதற்குள் விடுதி முழுவதும் ஒரே கூச்சல். நிலநடுக்கம் என்று பயந்து வெளியே ஓடினேன். தைபேயின் துங்யுவான் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் உலகக் கோப்பையை 7-0 என்று வென்றுவிட்டார்களாம். காலை உணவுக் கடை அம்மா தோசைக்கல்லில் முட்டை கருகுவதைக்கூடக் கவனிக்காமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தப் பிள்ளைகள்தான். எங்கள் ஊரில் பள்ளி அணி கபடியில் மாநில அளவில் ஜெயித்தால், மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி வரும். இங்கே ஏன் இவ்வளவு? இத்தனை வெளிச்சம் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடாதா?

பதில் | தைதுங் மாப்பிள்ளை

சகோதரி, எனக்கு இங்கே பதினான்கு வருடம். மனைவியின் ஊர் கிழக்குக் கரையில் உள்ள தைதுங். உங்களிடம் ஐந்நூறு தைவான் டாலர் தாள் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். தலைவர் யாரும் அதில் இல்லை. ஜெயித்த மகிழ்ச்சியில் குதிக்கிற பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தைதுங்கில் இருக்கும் நான்வாங் தொடக்கப்பள்ளியின் பேஸ்பால் அணி அது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த தாள். பள்ளிப் பிள்ளைகளைப் பணத்தில் அச்சடித்த நாடு, அவர்களுக்காக ஓர் இரவு விழித்திருப்பதில் என்ன வியப்பு?

1969-இல் தைச்சுங் நகரின் ‘தங்க நாகங்கள்’ அணி, இந்தப் போட்டி நடக்கும் அமெரிக்க ஊரான வில்லியம்ஸ்போர்ட்டில் முதல் கோப்பையை வென்றபோது என் மாமனாருக்கு வயது பன்னிரண்டு. அவருடைய அப்பா நள்ளிரவில் தட்டி எழுப்பி வானொலிக்கு முன்னால் உட்கார வைத்தாராம். எழுபதுகளில் தொலைக்காட்சி இருந்த வீட்டில் தெருவே கூடும். ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ். ஜெயித்ததும் அந்த நேரத்திலேயே பட்டாசு. 1996 வரை பதினேழு கோப்பைகள். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கேட்ட கூச்சல் இருபத்தொன்பது வருடமாக அடக்கி வைத்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1971-இல் இந்த நாடு ஐக்கிய நாடுகள் சபையில் தன் இடத்தை இழந்தது. இன்றும் அந்தப் பிள்ளைகள் ‘தைவான்’ என்று அல்ல, ‘சீன தைபே’ என்ற பெயரில்தான் ஆடுகிறார்கள். அதே 1971-இல், ஆட்டம் நடக்கும்போது வில்லியம்ஸ்போர்ட் மைதானத்துக்கு மேலே, ‘தைவான் விடுதலை வாழ்க’ என்ற பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு சிறு விமானம் பறந்தது. சொந்தப் பெயரைச் சொல்ல இடம் கிடைக்காதவர்களுக்கு அந்த மைதானம்தான் கிடைத்தது.

பதில் | காவ்சியுங் பொறியாளர்

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பெருமையின் தொடக்கமே மோசடி என்று படித்தேன். 1968-இல் ஜப்பானை வென்ற ஹோங்யே அணியில் வயது கூடிய பிள்ளைகளை வேறு பெயரில் இறக்கினார்கள். வழக்கு நடந்து, பள்ளி முதல்வரும் பயிற்சியாளரும் தண்டனை பெற்றார்கள். அதையும் சொல்லுங்கள்.

பதில் | தைதுங் மாப்பிள்ளை

சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அநியாயம்.

ஹோங்யே என்றால் சிவப்பு இலை. தைதுங் மலைக்குள் புனுன் பழங்குடியினர் வாழும் சிறிய ஊர். மரக்கிளை மட்டை, கூழாங்கல் பந்து, வெறுங்கால்: இப்படித்தான் பழகினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1968 ஆகஸ்ட் 25 அன்று தைபே மைதானத்தில் ஜப்பானியச் சிறுவர்களை 7-0 என்று வென்றார்கள். போன வாரமும் அதே 7-0. பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நாளிதழ்கள் எதிரணியை உலக சாம்பியன் என்று கொண்டாடின. அந்த ஆண்டின் சாம்பியனான வக்காயாமா அணியோ அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது. மிகைப்படுத்தியதும் பெரியவர்கள், பெயரை மாற்றியதும் பெரியவர்கள்.

பிள்ளைகளின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். நாடே உன்னைக் கொண்டாடுகிறது. காலையில் பத்திரிகையைப் பிரித்தால் உன் அடிக்கு நேராக அச்சாகியிருப்பது வேறொருவன் பெயர். வாய் திறந்து ‘இது நான்’ என்று சொல்லவும் முடியாது. அவர்களில் பலர் பின்னாளில் கூலி வேலை செய்து, இளம் வயதிலேயே இறந்துபோனார்கள். அப்போது எந்த நிருபர் மலையேறி வந்தார்?

ஹோங்யேயில் இப்போது நினைவகம் இருக்கிறது. மாமனார் என்னை அழைத்துப் போனார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு முகமாக விரல் வைத்து, தனக்குத் தெரிந்த உண்மைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது முகத்தில் விரல் நின்றுவிட்டது. பெயர் நினைவுக்கு வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, அதையும் சொல்லி முடித்த பிறகுதான் நகர்ந்தார்.

அதனால் வெளிச்சம் சுமையா என்ற உங்கள் கேள்விக்கு, சுமைதான் என்பேன். ஆனால் பிள்ளையின் சொந்தப் பெயரைச் சரியாக எழுதி, அவன் பள்ளியையும் தெருவையும் சொல்கிற செய்தி எத்தனை வந்தாலும் எனக்குச் சம்மதம். வெளியில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன் பெயரும் அதில் வரவேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. இன்று காலை ஐந்நூறு டாலர் தாளை நீட்டி, அதிலிருந்த பிள்ளைகளைக் காட்டினேன். கடை அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, மீதி தருவதை மறந்துவிட்டு, துங்யுவான் பிள்ளைகளின் பெயர்களை ஒன்றொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, அந்தக் கபடி அணியில் ஆடிய என் தம்பியிடம் அந்த நான்கு வரிச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் பள்ளியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.