பாடாங் செராயில் நாய்களுக்குப் பகல் காப்பகம்: விளம்பரத்துக்கு யோசனை சொல்லுங்கள்

மூலைவீட்டு அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் மூலை வீட்டிலேயே நாய்களுக்குப் பகல் காப்பகம் நடத்துகிறேன். காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், சாயங்காலம் வந்து கூட்டிப் போகலாம். ஒரு நாளைக்கு 25 வெள்ளி (ரிங்கிட்), மாதக் கணக்கென்றால் 450. பின்பக்கம் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் வரைக்கும் வேலி போட்ட புல்தரை, சிமெண்டு போட்ட கொட்டகை, இரண்டு பெரிய காற்றாடி. நகராண்மைக் கழக உரிமமும் எடுத்தாயிற்று.

இப்போது வருவது ஐந்து நாய்கள். பதினைந்து வரைக்கும் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம், உதவிக்கு நாத்தனார் இருக்கிறாள். ஆள் வரத்துதான் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களிடம் போனால், "நாய் வீட்டைக் காக்கட்டும், அதைக் காக்க இன்னொரு ஆளா?" என்று சிரிக்கிறார்கள். என் அம்மாவே அந்தக் கட்சிதான். தோட்டத்தில் நாய் என்றால் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் படுத்திருக்கும், காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூடப் போகும், மீந்த சோற்றைத் தின்னும். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டியவர்கள் கூலிம் டவுனிலும் ஹைடெக் தொழிற்பூங்காவிலும் வேலை பார்த்துக்கொண்டு புதுத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருப்பவர்கள்.

கோப்பிக் கடை, பெட்ரோல் நிலையம் எல்லாவற்றிலும் துண்டுத்தாள் வைத்தேன். கோல்டன் ரெட்ரீவர் படம், கீழே 'உங்கள் செல்லத்தின் இரண்டாவது வீடு' என்று போட்டிருந்தது. போன் செய்த ஒரே ஆள் பூனை எடுப்பீர்களா என்று கேட்டார். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ஷிப்டுக்காரன்:
அக்கா, நீங்கள் தேடும் ஆள் நான்தான். ஹைடெக்கில் 12 மணி நேர ஷிப்ட், காலை 7க்கு உள்ளே போனால் இரவு 7க்குத்தான் வெளியே. வீடு இணைப்பு வீடு. நாய் பகல் முழுக்கக் கேட்டைப் பிறாண்டிக்கொண்டு குரைக்கும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி முதலில் ஜாடையாகச் சொன்னார், பிறகு நேராகவே சொன்னார், அப்புறம் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது.

அந்த நேரத்தில் 'இரண்டாவது வீடு' என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். 'நாள் முழுக்கக் குரைக்கிறதா? அக்கம்பக்கத்தில் புகாரா? காலை 6 மணிக்கே திறந்திருக்கும்' என்று இருந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன். அந்த 6 மணியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எட்டு மணிக்குத் திறக்கும் இடம் எங்களுக்கு எதற்கு?

இன்னொன்று. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஐந்து நாய்களில் யாருடைய எசமானர் தொழிற்சாலையில் இருக்கிறார் என்று பாருங்கள். அவருக்குத் தினமும் மதியம் பத்து விநாடி வீடியோ அனுப்புங்கள். இடைவேளையில் அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டாமல் இருக்க முடியாது அவரால்.

கிளினிக் கவுண்டர்:
சுங்கைப் பட்டாணியில் ஒரு கால்நடை மருத்துவர் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். "வேலைக்குப் போகும்போது எங்கே விடுவது?" என்று கவுண்டரில் கேட்காத நாளில்லை. நாங்கள் சுலபத்தில் எந்த இடத்தையும் சொல்ல மாட்டோம். அங்கே போய்ப் பார்வோ வைரஸ் நோய் பிடித்து வந்தால் பேச்சு எங்களுக்குத்தான் விழும்.

அதனால் விளம்பரத்தில் 'தடுப்பூசி அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டோம்' என்று போடுங்கள். ஆட்களை விரட்டுகிற மாதிரித் தெரியும். ஆனால் நல்ல வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் வருவார். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உண்ணி சோதனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசலிலேயே காது மடலையும் கால் விரல் இடுக்கையும் விரித்துப் பார்க்கிற படம் ஒன்று போட்டால் போதும்.

பக்கத்து கிளினிக்குகளுக்குத் துண்டுத்தாள் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். முடிந்தால் மருத்துவரை ஒரு நாள் வரச்சொல்லி இடத்தைக் காட்டுங்கள்.

தீபாவளியையும் விடாதீர்கள். வெடிச் சத்தத்துக்கு ஓடிப்போய்த் தொலைந்த நாயைத் தேடி வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. சீனப் பெருநாளுக்கும் அதே கதை. ஒரு மாதத்துக்கு முன்பே 'வெடி நாட்களில் உள்ளறையில் வைத்திருப்போம்' என்று சொல்லிவிடுங்கள்.

டாடிக்கா அப்பா:
நாய்க்கு மாதம் 450 வெள்ளியா? என் மகனுக்கு டாடிக்காவில் (பாலர் பள்ளியில்) அதைவிடக் குறைவாகத்தான் கட்டுகிறேன். நாயாகப் பிறந்திருக்கலாம்.

பேனர் தம்பி:
அண்ணே, உங்கள் மகன் சோபாவைக் கடிக்க மாட்டான், அதுதான் வித்தியாசம் 😄

அக்கா, நான் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். சாலையோரம் பேனர் கட்டுவதென்றால் அனுமதி வேண்டும், தேசிய மொழி பிரதானமாக இருக்க வேண்டும். ஹைடெக் பூங்காவுக்குத் தனி ஊராட்சி அமைப்பு. கூலிம் நகராண்மைக் கழகத்தில் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு அங்கே கட்ட முடியாது.

பேனரில் நாய்ப் படம் பெரிதாக வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் மலாய்க்காரர் வீடுகளும் கலந்துதான் இருக்கின்றன, முஸ்லிம்களான அவர்களில் பலர் நாயைத் தவிர்ப்பார்கள். பாதத் தடம் ஒன்று போதும், தேடுகிறவருக்குப் புரிந்துவிடும். வீடு வீடாகத் தபால் பெட்டியில் தாள் போடுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். படங்களையெல்லாம் கூகுள் மேப்பில் ஏற்றுங்கள். சீன வாடிக்கையாளர்கள் அங்கேதான் தேடுவார்கள், நான்கு வரி சீனத்தில் எழுதித்தர என்னிடம் ஆள் இருக்கிறார்.

மூலைவீட்டு அக்கா:
ஷிப்டுக்காரத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு நாத்தனாரிடம் காட்டினேன். நாளையிலிருந்தே 6 மணி. எப்படியும் 5 மணிக்கு எழுந்துவிடுகிறோம்.

கோல்டன் ரெட்ரீவரை எடுத்துவிட்டேன். அந்த ஜாதி நாய் ஒன்றுகூட என்னிடம் வருவதில்லை. வருவதில் ஒன்று நம் ஊர் நாய்தான், செம்பட்டை நிறம், வலது காதில் பாதி இல்லை. மாலையானால் எசமானருடைய மைவி கார் முச்சந்தியில் திரும்பும் முன்பே கேட்டருகே போய் உட்கார்ந்துகொள்ளும், வால் மட்டும் சிமெண்டைத் துடைத்துக்கொண்டிருக்கும். மற்ற கார் எது போனாலும் திரும்பாது. அதைத்தான் வீடியோ எடுத்து கூகுளில் போடப் போகிறேன்.

தமிழ்த் துண்டுத்தாளுக்கு ஒரு வரி தோன்றியது: 'நாங்கள் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தோம், உங்கள் நாய்க்கும் ஒன்று கட்டியிருக்கிறோம்.' தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போன கொட்டகைதான் அது, அந்தப் பிள்ளைகளுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அம்மாவே சிரித்துவிட்டார். அதற்காக நாயைப் பார்த்துக்கொள்ள வரமாட்டாராம்.

டாடிக்கா அப்பா, அரை நாளுக்கு 15 வெள்ளிதான்.

பேனர் தம்பி, மலாய் வாசகத்தை நீங்களே எழுதித்தருவீர்களா, இல்லை நான் கொண்டுவர வேண்டுமா? கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?