டங்க் தடை செய்யப்பட்ட ஒரு நாடு: கதைக்காக இரண்டு கேள்விகள்

மேகவாசல்:
ஒரு ஃபேன்டஸி சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடக்கும் நாட்டில் கூடைப்பந்து போலவே ஓர் ஆட்டம் உண்டு. ஆனால் எகிறிப்போய்ப் பந்தை மேலிருந்து ரிங்குக்குள் இறக்குவதை, அதாவது நம்ம டங்க்கை, மூன்று தலைமுறைக்கு முன்னால் அரசாணை போட்டு நிறுத்தி, ஓவியம், பாட்டு, ஆட்டக்குறிப்பு என்று எல்லாவற்றிலிருந்தும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இடிந்துபோன ஓர் ஆடுகளத்தில் கதாநாயகி மண்ணை விலக்கும்போது கல்தரையில் செதுக்கிய பாதத்தடங்கள் தெரிகின்றன, அதை வைத்து அந்த வித்தையை மீட்கிறாள். வெறும் காலடித்தடத்திலிருந்து டங்க் அடிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? அப்புறம், ஒரே ஒரு ஷாட்டைத் தடை செய்து அதன் வரலாற்றை மறைத்தார்கள் என்றால் வாசகர் நம்புவாரா?

இடதுகால்:
முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும். டங்க்கில் பாதி வேலை தரையிலேயே முடிந்துவிடுகிறது, எல்லாரும் கையைப் பார்ப்பதால் அது கண்ணில் படுவதில்லை. ஓடிவரும் எட்டுகள் சீராக இருக்கும், கடைசிக்கு முந்தைய எட்டு மட்டும் நீளும், அதில் இடுப்பு கொஞ்சம் தாழும், கடைசி எட்டு குட்டையாகச் சட்டென்று விழும், முன்னால் போய்க்கொண்டிருந்த வேகம் அந்த இடத்தில்தான் மேலே திரும்பும். எனவே உங்கள் கல்தரையில் இடைவெளி சமமாக வந்து, திடீரென அகலமாகி, உடனே சுருங்கட்டும். விஷயம் தெரிந்த வாசகருக்கு அது போதும்.

தடம் ஒற்றைப் பாதத்தோடு முடிந்தால் ஒற்றைக்கால் எகிறல், வலக்கைக்காரர் பெரும்பாலும் இடதுகாலில் எழும்புவார், அதற்கு நல்ல ஓட்டம் வேண்டும். இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று சற்றே முன்தள்ளித் திரும்பியிருந்தால் இரட்டைக்கால். ஆட்கள் நெருக்கும்போது இதுதான் நிலைகுலையாமல் நிற்கும். எதுவானாலும் தடம் ரிங்குக்கு நேர் கீழே முடியக்கூடாது, ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னாலேயே முடிய வேண்டும். அடியில் போய் எகிறினால் கையை வீச இடமே இருக்காது.

தரை சொல்லாத ஒன்று, பந்தைப் பிடிக்கும் விதம். பந்தின் விட்டம் 24 செ.மீ. இருக்கும், ஒரே கையால் அள்ளிப் பிடிக்க எல்லாருக்கும் வராது. மணிக்கட்டை உள்ளே மடித்துப் பந்தை முன்கையோடு அணைத்துக்கொண்டு மேலே போவார்கள், கை வேகமாகச் சுழன்றுகொண்டே இருந்தால் பந்து நழுவாது. உங்கள் கதாநாயகி தடுமாற வேண்டிய இடம் இதுதான், பல அத்தியாயம் தடுமாறட்டும்.

பழைய ஸ்கோர்ஷீட்:
இரண்டாவது கேள்விக்குக் கற்பனையே தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1967இல் டங்க்கைத் தடை செய்தார்கள், 1976–77 சீசனில்தான் திரும்ப அனுமதித்தார்கள். ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டு உடைகிறது, ஆட்களுக்கு அடிபடுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் லூ அல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார்) தன் முதல் சீசனிலேயே யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வாங்கிக் கொடுத்தவுடன் வந்த தடை அது, கறுப்பின வீரர்கள்மேல் காட்டிய பாகுபாடு என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, தடைக்குள் அந்த வித்தை எங்கே போய் ஒளிந்தது என்பதை. அல்சிண்டர் ஸ்கைஹுக்கை, அதாவது பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடும் ஷாட்டை, தீட்டித் தீட்டி யாரும் தடுக்க முடியாத ஷாட்டாக ஆக்கினார். இன்னொரு கல்லூரி வீரர் டேவிட் தாம்ப்சன் ரிங்குக்கு மேலே வரும் பாஸை அந்தரத்தில் பிடித்து, திணிக்காமல், விரலால் மெதுவாக உள்ளே விடுவார். அந்த எகிறல் அப்படியே டங்க்தான், கடைசி அசைவு மட்டும் இல்லை. 1975இல் சொந்த மைதானத்தில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் அவர் தெரிந்தே டங்க் அடித்தார், விதியை மீறியதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். உங்கள் நாட்டிலும் ஏதோ ஒரு நடனத்திலோ சிறுவர் விளையாட்டிலோ அந்த நீண்ட எட்டும் குட்டை எட்டும் பிழைத்திருக்கட்டும், தடத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தானாக அடையாளம் கண்டுகொள்ளும்.

பதிவுகள் மறைவதற்கும் நெருப்பு வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 21 அன்று மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் ஜார்ஜான் வெல்ஸ், கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடித்த முதல் பெண் ஆனார். அதைப் படம் பிடித்தது எதிரணி மட்டுமே, அவர்களுடைய பயிற்சியாளர் அந்த வீடியோவை வெளியே தரவில்லை. 25 வருடம் கழித்து 2009இல்தான் அந்தப் பயிற்சியாளரின் மகனிடமிருந்து அது வெளிவந்தது. அத்தனை காலமும் ஒரு பெண்ணின் சாதனைக்குக் காட்ட ஒரு காட்சிகூட இல்லாமல் இருந்தது, எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மேகவாசல்:
இது தெரியாமல் நான் அரண்மனை நூலகம் எரிவதாக எழுதி வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிடுகிறேன். சுவடி தோற்றுப்போன அணித்தலைவரின் வீட்டில், பேரனுக்கே என்னவென்று தெரியாமல் கிடக்கட்டும். இன்னொன்று, அவளைக் குள்ளமாக வைத்திருக்கிறேன். அது சரிவருமா?

முழங்காலைப் பார்:
சரிவரும், ஆனால் கணக்கு இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிங் 3.05 மீட்டர் உயரம். விரல் தொட்டால் போதாது, கை 15 செ.மீ. அளவுக்காவது மேலே போக வேண்டும். நின்றபடி கையைத் தூக்கினால் 2.40 மீட்டர் எட்டுகிறவர் 80 செ.மீ. எகிற வேண்டும், அது பெரிய எகிறல். முதல் நாளே அடித்தாள் என்று எழுதிவிடாதீர்கள். தாழ்ந்த ரிங்கில் சின்னப் பந்தோடு தொடங்கட்டும், தினமும் எகிறினால் முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் நோகும், ஓய்வுநாளும் கதையில் வரட்டும். இறங்குவதையும் கற்பியுங்கள். இரண்டு காலிலும் முட்டி மடக்கி இறங்க வேண்டும், ரிங்கைப் பிடித்து ஊஞ்சலாடினால் கால் முன்னே போய் முதுகில் விழுவோம். உயரத்தைப் பற்றிய கவலை வேண்டாம். 1986இல் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) நடத்திய டங்க் போட்டியில், முந்தைய வருடம் ஜெயித்த டொமினிக் வில்கின்ஸைத் தோற்கடித்தது அவருடைய சொந்த அணித்தோழர் ஸ்பட் வெப், உயரம் 5 அடி 7 அங்குலம்.