மீள்சொல்: இறந்து திரும்பிய ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய சொற்களுக்கு ஆங்கில அகராதிகள் இடும் 'ஆப்சலீட்' (obsolete), 'ஆர்க்கெயிக்' (archaic) ஆகிய இரு குறிப்புகளையும் 'வழக்கொழிந்த சொல்' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடலாம் என்று இவ்விழையில் சொல்லப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி, முற்றிலும் கைவிடப்பட்ட சொல்லுக்கு முன்னால் குத்துவாள் குறியை (†) இடுகிறது; பழமையின் சுவைக்காக இன்னும் எடுத்தாளப்படும் சொல்லை வேறு குறிப்பால் பிரித்துக் காட்டுகிறது. முன்னதை 'வழக்கொழிந்த சொல்' என்றும் பின்னதைத் 'தொல்வழக்குச் சொல்' என்றும் நாமும் பிரித்தே வழங்க வேண்டும்.

தொல்வழக்கு என்பது எழுதுபவர் தெரிந்தே செய்யும் தேர்வு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதுமாலுமியின் கதைப்பாடலில், துடுப்பொலி கேட்கும் இடத்தில் 'உடனே' என்னும் பொருளில் 'எஃப்ட்சூன்ஸ்' என்ற பழஞ்சொல் இருந்தது. பின்வந்த பாடத்தில் அவ்விடத்தில் எளிய சொல்லை வைத்தவர், கிழ மாலுமி விருந்தாளியின்மீது வைத்த கையை எடுக்கும் இடத்தில் அதே பழஞ்சொல்லைப் புதிதாகச் சேர்த்தார். எங்கே பழமை வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவர் அளந்து பார்த்திருக்கிறார்.

இவ்விரண்டிலும் அடங்காமல், மறைந்துபோய்ப் பின் வழக்குக்குத் திரும்பிய சொல் என்னும் மூன்றாம் வகைக்குத்தான் நமக்குப் பெயர் இல்லை. துணிகரச் செயலைக் குறிக்கும் 'டெரிங்-டூ' (derring-do) என்பதைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதியபோது அது தனிச்சொல்லே அன்று. வீரனுக்கு உரியதைத் 'துணிந்து செய்வதில்' என்று பொருள்படும் தொடரின் ஒரு பகுதி. அவரைப் பின்பற்றிய கவிஞர் லிட்கேட்டின் நூல் 16ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது எழுத்து பிறழ்ந்தது. அதைப் பெயர்ச்சொல்லாகக் கொண்ட கவிஞர் ஸ்பென்சர் 1579இல் ஆண்மை, வீரம் என்ற பொருளில் ஆண்டார். வால்டர் ஸ்காட் 1819 இறுதியில் வந்த 'ஐவன்ஹோ' நாவலில் மீண்டும் எடுத்தாண்டு, அடிக்குறிப்பில் பொருளும் தந்தார். அதன்பின் அது பொதுவழக்கில் நிலைத்துவிட்டது. தவறாகப் படிக்கப்பட்டு, மறைந்து, ஒரு நாவலாசிரியரின் கையால் உயிர் பெற்ற இச்சொல்லை வழக்கொழிந்தது என்பது பொய். தொல்வழக்கு என்பதும் பொருந்தாது. நன்னூலார் பழையன கழிதலையும் புதியன புகுதலையும் சொன்னார். கழிந்தது திரும்புவதற்கு அந்நூற்பாவில் பெயர் இல்லை.

இவ்வகைக்கு 'மீள்வழக்கு' என்ற பரிந்துரை ஓசையால் நன்றாக இருந்தாலும், நீதிமன்றத்தில் மறுபடி தொடுக்கப்படும் வழக்கு என்றே பெரும்பாலோர் பொருள்கொள்வர். 'மீட்டெடுக்கப்பட்ட சொல்' விளக்கமே தவிர கலைச்சொல் ஆகாது. ஆகவே 'மீள்சொல்' என்பதை முன்மொழிகிறேன். அதை 'மீட்சொல்' என்று எழுத வேண்டும் என்பது பொருந்தாது. மீண்ட, மீள்கின்ற, மீளும் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை ஆதலால் 'கொள்கலம்' போல ளகரம் திரியாமலே நிற்கும். மீட்கும் செயலைச் 'சொல் மீட்பு' எனலாம். ஸ்காட்டின் பணியைக் குறிக்க அது போதும்.

ஒரே ஒரு தருணத்துக்கென ஆக்கப்படும் சொல்லை இதனோடு சேர்க்க வேண்டாம். அது வழக்குக்கே வராதது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். 'மீள்சொல்' என்பதற்கு மறுப்பு உள்ளவர்கள், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதினால் ஒப்பிட்டு முடிவுசெய்ய உதவியாக இருக்கும்.

அன்புடன்.