இருவருக்கும் ஐவருக்கும் ஒத்துவரும் மூன்று போர்டு கேம்: எதை வாங்குவது?

தாயக்கட்டை:

வணக்கம். வீட்டில் தாயம், கேரம், சீட்டுக்கட்டு தவிர வேறு இல்லை. புதிதாக மூன்று பெட்டி வாங்க எண்ணம். அதற்கு மேல் வைக்க இடமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. வார நாட்களில் ஆடுவது இருவர். ஞாயிறன்று ஐந்து பேர். அதில் இருவர் அறுபதைக் கடந்தவர்கள், தமிழ் மட்டும்தான் படிப்பார்கள். பையனுக்கு ஒன்பது வயது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

பட்டியலில் இருப்பவை: கட்டான், கார்கஸோன், டிக்கெட் டு ரைடு, அசூல், ஸ்ப்ளெண்டர், விங்ஸ்பான், கோட்நேம்ஸ். ஊர் நாகப்பட்டினம், ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, உப்புக்காற்றில் அட்டை தாங்குமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சள் மீப்பிள்:

இணையத்தில் பார்க்கும் தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் தலையை எண்ணுங்கள். அடிப்படைப் பெட்டியில் கட்டான் 3 முதல் 4 பேர், அசூலும் ஸ்ப்ளெண்டரும் 2 முதல் 4. ஐந்தாவது ஆளுக்கு இந்த மூன்றிலும் இடமில்லை. கட்டானுக்கு 5–6 பேர் ஆடக் கூடுதல் பெட்டி (எக்ஸ்பான்ஷன்) உண்டு, அது தனிச் செலவு. விங்ஸ்பான் ஐந்து பேர் வரை ஆடலாம், ஆனால் 170 பறவைக் கார்டில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆங்கில வாசகம் இருக்கிறது. கையில் இருக்கும் கார்டை அடுத்தவரிடம் காட்டிப் பொருள் கேட்க வேண்டியிருந்தால் அது ஆட்டமே இல்லை. நல்ல கேம்தான், உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

ஐவருக்கு டிக்கெட் டு ரைடு. நிறக் கார்டு சேர்த்து ஊர்களுக்கு இடையே ரயில் தடம் போடும் ஆட்டம்; எந்த இரு ஊரை இணைக்க வேண்டும் என்று உங்கள் கையில் உள்ள 'டிக்கெட்' சொல்லும். அமெரிக்க வரைபடம் 2004இல் வந்தது, ஐரோப்பா 2005இல். எடுத்தால் ஐரோப்பா எடுங்கள். காரணம், ஸ்டேஷன். ஒவ்வொருவருக்கும் மூன்று ஸ்டேஷன் உண்டு. நீங்கள் போக வேண்டிய வழியை வேறொருவர் அடைத்துவிட்டால் ஒரு ஊரில் ஸ்டேஷன் வைத்து, அங்கிருந்து கிளம்பும் அவருடைய ஒரு தடத்தை உங்கள் டிக்கெட்டுக்குப் பயன்படுத்தலாம். முதல் ஸ்டேஷனுக்கு ஒரு கார்டு, இரண்டாவதற்கு ஒரே நிறத்தில் இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. வைக்காமல் மிச்சம் பிடித்தால் ஒன்றுக்கு 4 புள்ளி. அமெரிக்க வரைபடத்தில் இந்த வசதி கிடையாது. ஐந்து பேர் உட்கார்ந்தால் நெரிசலில் யாராவது ஒருவரின் பெரிய டிக்கெட் வீணாகி, அந்தப் புள்ளி முழுவதும் கழிந்துவிடும். பையன் அழுவான்.

ஒரு சிக்கல் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் அந்தந்த நாட்டு வழக்கில் இருக்கும். வியன்னாவைத் தேடினால் கிடைக்காது, 'வீன்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் சின்ன வரைபடமும் இரு ஊர்ப் புள்ளிகளும் இருக்கின்றன. எழுத்தை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்துப் பொருத்தப் பழக்கிவிட்டால் பெரியவர்கள் யாரையும் கேட்காமல் ஆடுவார்கள்.

புதியவர்கள் ஒரு ரயில், இரண்டு ரயில் நீளமுள்ள தடங்களாகவே போட்டுக்கொண்டு போவார்கள். கணக்கைப் பாருங்கள்: 1 ரயிலுக்கு 1 புள்ளி, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 7, 6க்கு 15. அதே ஆறு ரயிலை ஒற்றை ஒற்றையாக வைத்தால் கிடைப்பது ஆறே புள்ளி. இதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இரட்டைத் தடம் இருக்குமிடத்தில் 2 அல்லது 3 பேர் ஆடும்போது ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். இதைக் கவனிக்காமல் இருவர் ஆடிவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்பவர்கள் ஏராளம்.

இருவருக்கு கார்கஸோன். முறைக்கு ஒரு சதுர அட்டையாக (டைல்) வைத்து நகரம், பாதை, வயல் வளர்த்து, அதில் 'மீப்பிள்' என்ற சின்ன ஆள் பொம்மையை நிறுத்திப் புள்ளி எடுக்கும் ஆட்டம். பெட்டியில் ஐந்து பேர் என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். 72 டைலில் ஒன்று தொடக்கத்துக்குப் போக மீதி 71. ஐவர் ஆடினால் ஆளுக்குப் பதினான்கு முறை, நடுவில் நான்கு பேர் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இருவர் ஆடினால் ஆளுக்கு முப்பத்தைந்து, நறுக்கென்று இருக்கும். முதல் சில ஆட்டங்களில் விவசாயியை, அதாவது வயலில் வைக்கும் மீப்பிளை, விட்டுவிடுங்கள். வயலில் படுத்த மீப்பிள் கடைசிவரை திரும்பாது, அதன் மதிப்பும் முடிவில்தான் தெரியும் (வயலைத் தொடும் முடிந்த நகரம் ஒன்றுக்கு 3). புதியவர் மூன்று நான்கு மீப்பிளை வயலில் போட்டுவிட்டுக் கையைப் பிசைவார்.

அடிக்கடி தகராறு வரும் விதி: ஏற்கெனவே ஆள் இருக்கும் நகரத்தை நீட்டி அதிலேயே உங்கள் ஆளை வைக்க முடியாது. ஆனால் பக்கத்தில் தனி நகரமாகத் தொடங்கி, பிறகு ஒரு டைல் வைத்து இரண்டையும் இணைக்கலாம். ஆள் எண்ணிக்கை சமமென்றால் இருவருக்கும் முழுப் புள்ளி. இருவர் ஆடும் கார்கஸோனின் உயிரே இந்தத் திருட்டு இணைப்புதான்.

மூன்றாவது அசூல்.

ஒற்றைப்பகடை:

மீப்பிள் சொன்ன முதல் இரண்டும் சரிங்க. மூன்றாவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. இருவருக்கு கார்கஸோன் வந்தாச்சு, அசூலும் இருவருக்குத்தானே பளிச்சென்று இருக்கும்? நாலு பேர் என்றால் டைல் எடுக்கும் வட்டு நடுவில் ஒன்பது, உங்கள் முறை வருவதற்குள் எல்லாம் மாறிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு பெட்டி வேண்டாமா?

வீட்டில் சீட்டுக்கட்டு இருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் 28, 304 சீட்டாட்டம் ஆடியவர்கள் என்றால் 'தி க்ரூ' வாங்குங்கள். 2019இல் வந்த சின்னப் பெட்டி. நான்கு நிறத்தில் 1 முதல் 9 வரை, கூடவே துருப்பாக நான்கு ராக்கெட், மொத்தம் 40 கார்டு. இறக்கிய நிறத்தையே போட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டலாம். இதைப் பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாறுவது ஒன்றுதான்: எல்லோரும் ஒரே கட்சி. "இந்தப் பச்சை 5 உள்ள பிடியை இன்னார்தான் எடுக்கணும்" என்று பணி விழும், அது அப்படியே நடக்கணும். வாய் திறக்கக் கூடாது. ஒரு ஆட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு கார்டை மேசையில் வைத்து, அது அந்த நிறத்தில் உங்கள் கையில் உள்ள பெரியது, சின்னது, இருக்கிற ஒன்றே ஒன்று என்று வில்லையால் காட்டலாம். ராக்கெட்டைக் காட்டக் கூடாது. 4ஆம் ராக்கெட் வைத்திருப்பவர் கேப்டன். 50 மிஷன் இருக்கு, ஒன்று பத்து நிமிடம்தான். மிஷன் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஒருவர் படித்துச் சொன்னால் போதும், கார்டில் எழுத்தே கிடையாது.

சிக்கல் எங்கே வரும் என்றும் சொல்கிறேன். சீட்டில் கெட்டிக்காரர்கள் கண்ணாலேயே சாடை காட்டுவார்கள். அதை முதல் நாளே நிறுத்தாவிட்டால் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் போகும். இருவர் மட்டும் ஆடும் முறையும் உண்டு, டம்மி கை ஒன்று விரித்து வைத்து ஆடணும். அது சுமார்தான்.

கட்டானைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1995இல் வந்தது, இன்றும் பேரம் பேசும் குடும்பத்துக்கு அதுபோல ஒன்று இல்லை. ஆனால் முதல் இரண்டு வீட்டை வைக்கும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும். இரண்டு பகடையின் கூட்டு எந்த எண்ணோ அந்த எண் வில்லை உள்ள நிலம்தான் விளையும்: 6, 8 எண்ணுக்கு 36இல் ஐந்து வாய்ப்பு, 2க்கும் 12க்கும் ஒன்றே ஒன்று. எண் வில்லையிலேயே அத்தனை புள்ளி குத்தியிருப்பார்கள். ஒரு வீடு தொடும் மூன்று நிலத்தின் புள்ளிகளைக் கூட்டினால் பத்துக்கு மேல் வரணும். கூட்டினால் ஏழே புள்ளி வரும் இடத்தில் வைத்த ஒன்பது வயதுப் பையன் அடுத்த முக்கால் மணி நேரம் செங்கல்லுக்காக எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருப்பான். நிரந்தரமாக நாலு பேர் கிடைக்கிற வீட்டுக்கு வாங்கலாம்.

சொல்வலை:

கோட்நேம்ஸ் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொற்கள் உங்கள் பெரியவர்களுக்கு உதவாது. தமிழில் நாமே செய்துகொள்ளலாம், அதில் ருசியும் அதிகம். இரண்டு அணி; ஒவ்வொரு அணியின் குறிப்பாளரும் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் குறிப்பாகச் சொல்ல, மேசையில் தங்கள் அணிக்குரிய சொற்கள் எவை என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும்.

விசிட்டிங் கார்டு அட்டை நூறு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதுங்கள். எதிரெதிரே இருப்பவர்கள் இருவருமே படிக்க, தலைகீழாக இன்னொரு முறை. ஒரு ஆட்டத்துக்கு 25 சொல், ஐந்துக்கு ஐந்து கட்டமாக அடுக்க வேண்டும். குறிப்பாளர்கள் இருவர் மட்டும் பார்க்கும் சாவி அட்டையில் முதலில் ஆடும் அணிக்கு 9, மற்ற அணிக்கு 8, யாருக்கும் சேராத பொதுச் சொல் 7, கொலையாளி (தொட்ட அணி தோற்கும்) 1. பத்து சாவி வரைந்தால் போதும், நான்கு பக்கமும் திருப்பி வைத்தால் நாற்பது ஆகும். முதலில் ஆடும் அணியின் நிறத்தைச் சாவியின் ஓரத்தில் குறிக்க மறக்காதீர்கள்.

சொல் தேர்வில்தான் சூட்சுமம். மணி, மாலை, படி, ஆறு, திங்கள், நூல், கால், முடி, ஓடு, திரை போல இரு பொருள் தரும் சொற்கள் நூற்றில் முப்பது நாற்பது இருக்கட்டும். மீதி யானை, சாவி, குடை, உப்பு என்று நேரான பெயர்ச்சொற்கள். எல்லாமே இரட்டைப் பொருள் என்றால் எந்தக் குறிப்பு கொடுத்தாலும் கொலையாளியையும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

தமிழுக்கென்று விதி கொஞ்சம் இறுக்க வேண்டும். குறிப்பு ஒரே சொல், வேற்றுமை உருபு சேராத வடிவம். 'கோயிலில்' கூடாது, 'கோயில்' சரி. மேசையில் 'படி' இருந்தால் 'படிப்பு' கூடாது. 'மணிமாலை' மாதிரி ஒட்டிக் கொடுப்பதும் கூடாது. இல்லாவிட்டால் இலக்கணம் தெரிந்தவர் ஒரே சொல்லில் நான்கைச் சேர்த்துக் கட்டிவிடுவார். உதாரணமாக மணி, மாலை, படி மூன்றும் உங்கள் அணிக்கு என்றால் "கோயில், 3" என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன் கொலையாளியைப் பாருங்கள். அது 'தேர்' என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

குறை ஒன்று: ஐந்து பேர் என்றால் ஒரு அணியில் ஊகிக்க ஒருவர்தான் இருப்பார். ஆறு பேரில்தான் விவாதம் சூடு பிடிக்கும்.

உப்புக்காற்று:

போலி விஷயம். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு கொண்ட ஸ்டிக்கர் இருப்பது இந்தியச் சட்டப்படி கட்டாயம். விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். மற்ற கடைகள் எல்லாம் ஒரு விலை சொல்ல, ஒரே ஒரு இடத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் சந்தேகமே வேண்டாம். கைக்கு வந்ததும் பாருங்கள்: கார்டுகளின் முதுகை வரிசையாக விரித்தால் நிறம் ஒன்றுபோல இருக்க வேண்டும். வெளிறியதும் அடர்ந்ததும் கலந்திருந்தால் எது எந்தக் கார்டு என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆட்டம் கெட்டது. டைல் அட்டையைத் தள்ளினால் கழன்று வரணும். பிய்த்தெடுத்து ஓரம் உரிந்தால் வெட்டு சரியில்லை. பிளாஸ்டிக் ரயிலின் விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது. பெட்டியைத் திறப்பதை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், திருப்பி அனுப்ப அதுதான் ஆதாரம்.

கடற்கரை ஊர் என்றால் முதல் எதிரி ரப்பர் பேண்ட். சில மாதத்தில் உருகிக் கார்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அச்சும் சேர்ந்து வரும். ஜிப் பை போதும். அடிக்கடி கலைக்கும் கார்டுகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடுங்கள், அளந்துவிட்டு வாங்குங்கள். டிக்கெட் டு ரைடின் சின்னக் கார்டு 44×68 மி.மீ., பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்லீவ் போடாதீர்கள், ஈரத்தையும் சேர்த்து அடைத்தது போலாகும். பங்குனி வெயிலில் உலர்ந்த பகலில் போடுங்கள். பெட்டிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ராமபாணப் பூச்சிக்கு மருந்து, பெட்டியைச் சுவரை ஒட்டாமல் வைத்து மாதம் ஒருமுறை திறந்து ஆடுவதுதான்.

போர்டு வளைந்தால் எதிர்ப்பக்கமாக லேசாக மடக்கி, இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். நேர் வெயிலில் காயப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி இன்னும் மோசமாகும்.

தாயக்கட்டை:

அனைவருக்கும் நன்றி. டிக்கெட் டு ரைடு ஐரோப்பாவும் தி க்ரூவும் முடிவாகிவிட்டன. தமிழ்ச் சொல் ஆட்டத்தை நாங்களே செய்துகொள்கிறோம். மூன்றாவதுக்கு மட்டும் கார்கஸோனா அசூலா என்று இழுபறி. அசூல் வீடியோ பார்த்தேன், புள்ளிக் கணக்கு பிடிபடவில்லை.

மஞ்சள் மீப்பிள்:

கணக்கு இதுதான். வட்டிலிருந்து எடுக்கும் ஒரே நிற டைல்களை உங்கள் பலகையின் இடப்பக்கம் உள்ள மாதிரி வரிசைகளில் சேர்ப்பீர்கள்; வரிசை நிரம்பினால் சுற்று முடிவில் அதிலிருந்து ஒரு டைல் வலப்பக்கச் சுவருக்குப் போகும். சுவரில் ஒரு டைல் வைத்ததும் அது சேரும் படுக்கை வரிசையில் தொடர்ச்சியாக எத்தனை டைல் என்று எண்ணுங்கள், பிறகு செங்குத்தில் எண்ணுங்கள். இடப்பக்கம் ஒட்டினாற்போல் இரண்டும் மேலே ஒன்றும் இருந்தால் படுக்கையில் 3, செங்குத்தில் 2, ஆக 5. புதிய டைல் இரண்டிலும் எண்ணப்படும். பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால் 1. மேல் வரிசையிலிருந்து கீழாகத்தான் வைத்துக்கொண்டு வர வேண்டும், வரிசை மாறினால் புள்ளி மாறிவிடும்.

பலர் தப்பாக ஆடுவது: நிரம்பாத மாதிரி வரிசையைச் சுற்று முடிவில் காலி செய்வது. செய்யக் கூடாது, அது அப்படியே அடுத்த சுற்றுக்குப் போகும். நிரம்பிய வரிசையில் ஒன்று சுவருக்குப் போக, மீதி பெட்டி மூடிக்குப் போகும், பைக்கு அல்ல. பை காலியான பிறகுதான் மூடியில் இருப்பதைக் கொட்ட வேண்டும். இடமில்லாமல் பலகையின் அடியில் உள்ள தரை வரிசைக்கு விழும் டைல்களுக்கு ஒவ்வொன்றாகக் கழிவு 1, 1, 2, 2, 2, 3, 3. கடைசியில் முழுப் படுக்கை வரிசைக்கு 2, முழுச் செங்குத்துக்கு 7, ஒரு நிறத்தின் ஐந்தும் வைத்தால் 10. படுக்கை வரிசை ஒன்று நிரம்பினால் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும் என்பதால், முந்துகிறவர் அதை நிரப்பி முடிக்கப் பார்ப்பார், பிந்தியவர் செங்குத்துக்காக இழுத்தடிப்பார்.

இருவர் ஆடும்போது 5 வட்டு, 20 டைல். எதிராளி நான்கு நீலத்தை விழுங்க முடியாது என்று தெரிந்து நடுவில் நீலத்தைத் தள்ளிவிடுவதுதான் சண்டை. அந்தக் கடுமை பிடிக்கும் என்றால் அசூல். இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஆட வேண்டும் என்றால் கார்கஸோன். நாகப்பட்டினத்துக்கு அசூலின் டைல் பிளாஸ்டிக் என்பதும் ஒரு வசதி.

ஒற்றைப்பகடை:

பிளாஸ்டிக் சரி, புள்ளிப் பலகை அட்டைதானே. அதில் குறிக்கும் கருப்புக் கட்டை கை பட்டால் நகர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியைத் தாளில் எழுதி வையுங்க.

தாயக்கட்டை:

அசூல் ஆர்டர் போட்டாச்சு. ஸ்டிக்கர் படம் கேட்டேன், விற்பவர் அனுப்பிவிட்டார்.