மறுமொழி: ஸ்லேவ் சிலிண்டருக்கு ‘அடிமை உருளை’ வேண்டாமே

> மாஸ்டர் சிலிண்டர் – தலைமை உருளை. ஸ்லேவ் சிலிண்டர் – அடிமை உருளை. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

கார்ப் பாகங்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

கிளட்ச் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைக் குழாய் வழியே தள்ளும்; அந்த அழுத்தத்தில் மறுமுனையில் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஸ்லேவ் சிலிண்டரை நானே கழற்றி மாட்டினேன். 20 வருஷக் கார். பெங்களூர் அல்சூரில் வீட்டு வாசலிலேயே கிளட்ச் மிதி அடிவரை போய் ஒட்டிக்கொண்டது, கியர் விழவில்லை. குனிந்து பார்த்தால், கியர் பெட்டியோரம் இருக்கிற சிலிண்டரின் ரப்பர் உறையிலிருந்து பிரேக் ஆயில் சொட்டுகிறது. பிரித்ததில் பிஸ்டன் ரப்பரின் விளிம்பு தேய்ந்து, உள்ளே கறுப்புக் குழம்பு. ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர் கேட்டது “அப்பரா, லோயரா?” என்றுதான். ஸ்லேவ் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

சரி, ‘கீழ் உருளை’ என்றே வைத்துவிடலாமா? சரிப்படாது. இப்போது பல கார்களில் இது கியர் பெட்டியின் கூட்டுக்குள்ளேயே தண்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே மேல் ஏது, கீழ் ஏது?

‘அடிமை’க்கு எனக்கு மனசு ஒப்பவில்லை. கணினித் துறையிலேயே அதை விட்டு வருகிறார்கள். பைத்தான் நிரல்மொழி 2018-லும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2020-லும் ‘மாஸ்டர்–ஸ்லேவ்’ என்ற சொற்களை மாற்றத் தொடங்கின. அவர்கள் கழிப்பதை நாம் புதிதாகத் தமிழில் நட வேண்டுமா? குழுவில் ‘ஏவல் உருளை’ சொன்ன நண்பர் வருந்தக் கூடாது, அதிலும் அதே வாடைதான். ஜெர்மனில் கேபர், நேமர் என்கிறார்கள்: தருவது, பெறுவது. அழகாக இருக்கிறது. ஆனால் ‘தருவுருளை’ என்று எழுதினால் நமக்கு மரம் நினைவுக்கு வரும். ‘உந்துருளை’யும் ஆகாது, இலங்கையில் உந்துருளி என்றால் மோட்டார் சைக்கிள்.

எனக்குச் சொல் கிடைத்தது வண்டிக்கு அடியில். புதிய சிலிண்டரை மாட்டியதும் எண்ணெய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டுமே. மகள் மிதியில், நான் கீழே. “அழுத்து” என்பேன். “பிடி” என்று சொல்லி சிலிண்டரில் காற்று வெளியேறுவதற்காக இருக்கிற நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால், குழாய் வழியாகக் குமிழி பாட்டிலுக்குள் கொப்பளிக்கும். மூடிவிட்டு “விடு”. (பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும்; உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.) இருபது தடவைக்கு மேல் ஆனது. குமிழி நின்றபின், அவள் மிதிக்க மிதிக்க, சிலிண்டரிலிருந்து கம்பி அரை அங்குலம் வெளியே வந்து, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ளுவதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

மிதிப் பக்கம் இருக்கிற மாஸ்டர் அழுத்துகிறது, இங்கே இருக்கிற ஸ்லேவ் தள்ளுகிறது. ஆகவே அழுத்துருளை, தள்ளுருளை. தள்ளுவண்டி தெரிந்தவருக்கு இதற்கு அகராதி வேண்டாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து

> தள்ளுருளை நன்று. அழுத்துருளை என்றால் ரோடு ரோலர் என்று நினைப்பார்களே, ஐயா?

தனியாகச் சொன்னால் நினைக்கலாம். ‘கிளட்ச் அழுத்துருளை’, ‘பிரேக் அழுத்துருளை’ என்று சேர்த்தே பட்டியலில் ஏற்றுவோம். பிரேக்கிலும் மிதிக்குப் பின்னால் இருப்பது அதே வேலையைத்தானே செய்கிறது.

அப்புறம், பிளீடிங்குக்குப் பட்டியலில் ‘குருதி வடித்தல்’ என்று இருக்கிறது. தயவுசெய்து ‘காற்றெடுத்தல்’ என்று மாற்றிவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் “ஏர் எடுக்கணும்” என்றுதான் சொல்கிறார்கள். வெளியே வர வேண்டியதும் காற்றுதான்.