தோல் கழலை பரவும் நேரத்தில் கிடை போட விடலாமா?

கேள்வி:
தேவிபட்டினத்தை அடுத்த எங்கள் ஊரில் இரண்டு தொழுவங்களில் மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டு, கழுத்திலும் விலாவிலும் நெல்லிக்காய் அளவில் கழலைகள் எழும்பியிருக்கின்றன. பால் பாதியாக வற்றிவிட்டது. கறக்கும் பாலையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அறுவடை முடிந்ததும், உரத்துக்காக வயலில் இரவு அடைத்து வைக்கும் கிடை மாடுகள் வந்துவிடும், எல்லா மாடுகளுக்கும் தண்ணீர் ஒரே கண்மாயில்தான். இந்த ஆண்டு கிடை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மறுமொழி (கால்நடை மருத்துவர், திருவாடானை):
ஐயா, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தோல் கழலை நோயைக் காட்டுகின்றன. 2019இல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஏராளமான மாடுகளைக் கொன்ற நோய் இது. பெரும்பாலும் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றின் வழியே பரவுவதால், கண்மாய்த் தண்ணீரைவிட, மழைக்குப் பின் தொழுவத்தைச் சுற்றித் தேங்கும் நீரையும் சாணக் குவியலையும் பற்றியே நான் கவலைப்படுவேன். மனிதர்களுக்கு இது தொற்றாது. பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம். ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை வீட்டுக்கும் சொசைட்டிக்கும் கொடுக்கக் கூடாது. தோல் கழலையைத் தடுக்கவும் உதவும் ஆட்டம்மைத் தடுப்பூசியை, இன்னும் நோய் காணாத மாடுகளுக்கு உடனே போடச் சொல்லுங்கள். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை அடுத்த மாட்டுக்குக் குத்தவே கூடாது. புண்ணிலிருந்து உதிரும் பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்பதால், கிடையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மறுமொழி (கிடை வைத்திருப்பவர், முதுகுளத்தூர் பக்கம்):
டாக்டர் ஐயா சொல்வது சரிதான். ஆனாலும் கிடை வராவிட்டால் சாணமும் கோமியமும் விழாத வயலுக்கு உரக்கடையில் கடன் சொல்ல வேண்டிவரும், எங்களுக்கோ அந்தப் பருவத்துக் கூலியே போய்விடும் என்பதையும் ஊர்க்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வரவே வேண்டாம் என்று சொல்லாமல், எப்போது வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், அதற்குள் எங்கள் மாடுகளுக்கும் ஊசி போட்டுவிடுகிறோம். நோய் கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டாமல் இருந்தால், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

மறுமொழி (கிராம செவிலியர்):
இந்தக் காய்ச்சலில் சினை மாடுகள் கன்று வீசுவதும் (கருக்கலைவதும்) உண்டு. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் பெண்கள் வெறுங்கையால் அள்ளிப் போடுவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். கன்று வீசியதற்குக் காரணம் தோல் கழலையா புரூசெல்லா கிருமியா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். புரூசெல்லாவாக இருந்தால் கைவெடிப்பு வழியாகவும் காய்ச்சாத பால் வழியாகவும் அது மனிதர்களுக்கு வந்து, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். நான்கு முதல் எட்டு மாதத்துக் கிடாரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லாவுக்கெனத் தடுப்பூசி உண்டு, வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். காய்ச்சல் விடாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது, வீட்டில் மாடு கன்று வீசியதைத் தவறாமல் சொல்லுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும், கையுறை கிடைக்காவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு அள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில், கண்மாய்க்கு எட்டத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.