'டீன்' பட்டத்தை யார் கொடுத்தது?

கீறல்தட்டு: "அமெரிக்க ராக் விமர்சகர்கள் கூடி ராபர்ட் கிறிஸ்ட்காவுக்கு டீன் பட்டம் சூட்டினார்கள்" என்று நேற்று இங்கே ஒருத்தர் அந்த இசை விமர்சகரைப் பற்றி எழுதியிருந்தார். டீன் என்றால் தலைமகன் மாதிரி. யாரும் கூடவில்லை, யாரும் சூட்டவில்லை. 70களின் தொடக்கத்தில் ஃபிஃப்த் டைமென்ஷன் என்ற பாட்டுக்குழுவுக்காகப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. அங்கே லேசாக ஏற்றிக்கொண்டு, நான்தான் அமெரிக்க ராக் விமர்சகர்களின் டீன் என்று அவரே தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கிண்டலுக்குச் சொன்னது ஒட்டிக்கொண்டது. தானே சொன்னது, அவ்வளவுதான்.

ஏமைனஸ்: அந்த "ஒருத்தர்" நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். அவர் 1967இல் எஸ்குவயர் பத்திரிகையில் பத்தி, 1969 ஜூலையில் நியூயார்க் வார இதழான வில்லேஜ் வாய்ஸில் 'கன்ஸ்யூமர் கைடு' என்ற குறுவிமர்சனப் பத்தி, இன்றைக்கும் எழுதுகிறார். போதையில் உளறியதை ஊர் இத்தனை காலம் தூக்கிப் பிடிக்குமா? ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

கீறல்தட்டு: ஏற்றுக்கொள்வது வேறு, சூட்டுவது வேறு. நீங்கள் எழுதிய சொல் "சூட்டினார்கள்".

டிரம்குச்சி: டீன் எல்லாம் மெடிக்கல் காலேஜில் இருந்தால் போதும் சார். இந்த ஆள் வாத்தியார் மாதிரி இசைத்தட்டுக்கு மார்க் போட்டார். நாலு வரி, ஒரு கிரேடு. இதற்குப் பேர் விமர்சனமா?

ஏமைனஸ்: நாலு வரி எழுதிப் பார்த்தால் தெரியும். ஒரே பத்திக்குள் பாடகரின் குரல், வரிகள், போன தட்டோடு ஒப்பீடு, ஒரு நக்கல், கடைசியில் தீர்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். முதலில் ஏ பிளஸ் முதல் இ மைனஸ் வரை கிரேடு. 70களின் தட்டுகளை 1981இல் புத்தகமாக்கியபோது திரும்பக் கேட்டு, பல கிரேடுகளைத் திருத்தினார். 90களில் தட்டுகள் வந்து குவிந்ததும் முறையையே மாற்றினார். பி பிளஸ்ஸும் அதற்கு மேலும் தேறினால்தான் முழுக்குறிப்பு. அதற்குக் கீழே, பரவாயில்லை ரகத்துக்கு ஒன்று முதல் மூன்று நட்சத்திரம். ஓரிரு பாட்டு மட்டும் தேறினால் கத்தரிக்கோல் படம். தேறாததற்கு வெடிகுண்டு படம். சி, டி எல்லாம் அமெரிக்க நன்றியறிதல் நாளை ஒட்டி வரும், மட்டமான தட்டுகளுக்கான 'டர்க்கி ஷூட்' பகுதிக்குப் போய்விட்டன. சுமாரான தட்டுக்கு நூறு சொல் செலவழிப்பது நேரக்கேடு என்று புரிந்தவர் செய்கிற வேலை இது.

கீறல்தட்டு: எல்லாம் சரி. பட்டத்தை யார் சூட்டினார்கள்?

டிரம்குச்சி: பேருக்கேற்ற ஆள்தான் ஐயா நீங்க. ஊசி அங்கேயே நிற்குது. ஏமைனஸ், சிறந்த ஆல்பங்களுக்கு விமர்சகர்களை ஓட்டுப் போட வைத்து உங்க ஆள் வாய்ஸில் நடத்திய 'பாஸ் அண்டு ஜாப்' வாக்கெடுப்பு மட்டும் யோக்கியமா? நாலு பேர் சேர்ந்தால் யாரை வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம்.

ஏமைனஸ்: கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். ஒரு விமர்சகருக்கு 10 ஆல்பம், மொத்தம் 100 புள்ளி. ஒரு தட்டுக்கு அதிகபட்சம் 30, குறைந்தது 5. இரண்டு தட்டுக்கு 30 கொடுத்தால் மிச்சம் 40, எட்டுத் தட்டுக்குத் தலா 5, தீர்ந்தது. மூன்றாவதற்கு 30 கொடுக்கவே முடியாது. 30 பேர் கடைசி இடத்தில் வைத்து 5 கொடுத்தால் 150. நீங்கள் சொல்லும் நாலு பேர் முட்டிமோதி 30 கொடுத்தாலும் 120தான்.

டிரம்குச்சி: அஞ்சாவது ஆள் வந்தால் சமமாகிவிடுமே! அதைத்தான் நானும் சொல்றேன்.

ஒற்றுப்பிழை: மன்னிக்கவும், அந்தப் பேர் கிறிஸ்ட்காவ் இல்லை, கிறிஸ்ட்கௌ. மேலே எழுதியது தப்பு.

கீறல்தட்டு: தமிழில் 'காவ்' என்றால் யாருக்கும் காது வலிக்காது.

ஒற்றுப்பிழை: அவருக்கு வலித்திருக்கும். 1978இல் ராக் பாடகர் லூ ரீட் 'டேக் நோ பிரிசனர்ஸ்' நேரலைத் தட்டில் மேடையிலேயே அவரைப் பேர் சொல்லிக் கிழித்தார். இவர் அந்தத் தட்டுக்கு சி பிளஸ் போட்டுவிட்டு, என் பேரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி என்று எழுதினார். வசவு வாங்கியதைவிட உச்சரிப்புத்தான் முக்கியம் அந்த மனுஷனுக்கு.

கீறல்தட்டு: பாருங்கள், கிண்டல்காரர். டீன் என்று சொன்னதும் அதே கிண்டல்தான். விமர்சகர்கள் கூடிச் சூட்டவில்லை.

ஏமைனஸ்: 37 வருஷம் ஒரே பத்திரிகையில் எழுதினவரைக் கிண்டல்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

கீறல்தட்டு: அதுவும் தப்பு. 1972இல் நியூஸ்டே நாளிதழுக்குப் போனார். 1974இல்தான் இசைப் பகுதி ஆசிரியராக வாய்ஸுக்குத் திரும்பினார். 2006 ஆகஸ்டில், உரிமையாளர் மாறிய கையோடு, வெளியே அனுப்பினார்கள். நடுவில் இரண்டு வருஷம் ஓட்டை. சூட்டாத பட்டத்தைச் சூட்டியவருக்கு இல்லாத வருஷத்தைச் சேர்ப்பதா பெரிய வேலை?

ஏமைனஸ்: அனுப்பிய பிறகும் கன்ஸ்யூமர் கைடு நின்றதா? எம்எஸ்என், நாய்சி என்று இணையதளங்கள் மாறி, 2019 முதல் சப்ஸ்டாக் என்ற இணையச் செய்திமடல் தளத்தில் சந்தா வாங்கி எழுதுகிறார். வாசகன் காசு கொடுத்துப் படிக்கிறான். இதைவிடப் பெரிய பட்டம் உண்டா?

கீறல்தட்டு: உண்டு என்று நீங்கள்தான் நேற்று எழுதினீர்கள். "விமர்சகர்கள் கூடி." அந்த வரியை இன்னும் திருத்தவில்லை, இப்போதும் பார்த்தேன்.

டிரம்குச்சி: திருத்தாதீங்க ஏமைனஸ், அப்புறம் இவருக்குப் பொழுது போகாது. அந்த அஞ்சாவது ஆள் கணக்கு என்ன ஆச்சு?

ஒற்றுப்பிழை: கௌ. இன்னும் ஒருத்தர்கூட மாற்றவில்லை.